இரண்டு நூல்

அந்த வீட்டில் 'கால்' என்ற சொல்லுக்குத் தடை போட்டது லிஃப்ட்காரர்தான். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த மூன்றாம் நாள், அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்த மனைவியை அடுப்படியில் உட்காரவைத்து உத்தரவு போட்டார்.

"இந்தா பாரு. பிள்ளை வந்தப்புறம் இந்த வீட்ல அந்த வார்த்தை யார் வாயிலயும் வரக்கூடாது. தப்பித்தவறிக்கூட வரக்கூடாது. இப்பவே பழகிக்க."

"எந்த வார்த்தைங்க?"

"அதான்... அது." தரையைக் காட்டினார்.

சொல்வது சுலபம். தமிழில் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், தெரியும் சேதி. கால் கிலோ வெங்காயம் வாங்க முடியாது, இருநூற்றைம்பது கிராம் என்றுதான் கேட்க வேண்டும். காலையில் என்று சொல்லக்கூடாது, விடிந்ததும். சொந்தக்காரர்களிடம் 'கால் பண்றேன்' கூடாது, போன் பண்றேன். நாற்காலி சேர் ஆயிற்று. சர்க்கரை டப்பா காலி என்று சொல்லப்போய் அந்த அம்மாள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது வேற இதுங்க" என்று வாதாடியும் பார்த்தாள். "காதுல விழும்போது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். தமக்கும் அவர் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்கக் கால் அங்குலம், அரை அங்குலம் என்று அளந்தே பிழைத்த மனுஷர், கால் அங்குலத்தை விட்டுவிட்டு 'ரெண்டு நூல்' என்று சொல்லத் தொடங்கினார். அங்குலத்துக்கு எட்டு நூல், பழைய பட்டறைக் கணக்கு.

முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அளவு நாடா இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. அதுதான் இந்தக் கதை.

எல்லையில் கண்ணிவெடி. மகனுக்கு இடது கால் போயிற்று. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தூரம் அதிகம் என்பதால் பெற்றவர்கள் ஒரே ஒரு முறைதான் போய்ப் பார்த்தார்கள். இடுப்பு வரை போர்த்தியிருந்தது. அவர் மகன் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். போர்வை பக்கம் மட்டும் கண் போகவில்லை. டாக்டர் வந்து விவரம் சொல்ல ஆரம்பித்ததும், "லிஃப்ட் கதவு உரசுது, என்னன்னு பாத்துட்டு வரேன்" என்று வெளியே நழுவிவிட்டார். விவரம் கேட்டதெல்லாம் மனைவிதான். வெட்டியது முழங்காலுக்கு மேலே என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. திரும்பி வருகிற வழியில் அவள் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். முழங்காலில் அந்தச் சொல் இருக்கிறதே, எப்படிச் சொல்வாள்?

மகனுக்கு இருபது நாள் விடுப்பு. அதற்குப் பிறகு இரண்டு வழிதான். முன்னாள் ராணுவத்தினருக்கான மறுவாழ்வு இல்லத்தில் ஓர் இடம் வைத்திருந்தார்கள், அங்கே போகலாம். அல்லது வீட்டிலேயே தங்கி, ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளலாம். இருபதாம் நாள் அவன் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவன் இல்லத்துக்குப் போய்விடக்கூடாது, இங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர லிஃப்ட்காரருக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

அதற்காக வீட்டையே புரட்டிப் போட்டார். வாசலில் மூன்று படி. கடப்பாரையால் தாமே உடைத்தார். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்ட வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. மூன்று படிக்கும் சேர்த்துப் பதினெட்டு அங்குல உயரம்; பதினெட்டு அடிச் சரிவுக்கு வாசலில் இடம் ஏது? பக்கச் சுவரை ஒட்டி ஒரு திருப்பம் கொடுத்து, வழவழவென்று பூசி முடித்தார். குளியலறைக் கதவை அகலப்படுத்தினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிற உயரத்தில் எவர்சில்வர் கைப்பிடிகள். "விளக்குப் போடு" என்று சொன்னால் எரிகிற கருவி ஒன்று வாங்கி மகனுடைய அறையில் மாட்டினார். அது அவர் மனைவியின் குரலுக்கு மட்டும் மசியவில்லை. "இத்தனை வருஷமா நீங்களே என் பேச்சைக் கேக்கல, அது எங்க கேக்கப்போகுது" என்றாள் அவள்.

மகன் வந்து இறங்கினான். சக்கர நாற்காலியில் இல்லை. இரண்டு ஊன்றுகோல்களில்.

பேன்ட்டின் இடது பக்கத்தைத் தொடை வரை மடித்து ஊக்குக் குத்தியிருந்தான். லிஃப்ட்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டார். முழங்கால் இல்லை. அவர் மனதுக்குள் போட்டு வைத்திருந்த அளவுகள் அத்தனையும் அங்கேயே சரிந்தன.

"படி எங்கப்பா?" என்றான் மகன்.

"உடைச்சிட்டேன்டா. உனக்குத்தான், வண்டி ஏற..."

"ரெண்டு மாசமா படி ஏறத்தாம்பா பழகினேன். வீட்ல மூணு படின்னு கணக்கு வச்சு, அங்க மூணு படியிலதான் ஏறி எறங்கினேன்." சொல்லிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து, "பரவால்லப்பா, நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

ஏறிவிட்டான். இறங்குவதுதான் சிரமமாக இருந்தது. இறக்கத்தில் உடம்பு முன்னால் தள்ளியது. வழவழப்பில் ஊன்றுகோல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் திருப்பத்தில் சறுக்கிச் சுவரில் தோளை இடித்துக்கொண்டான். அன்றே லிஃப்ட்காரர் சரிவு முழுக்கக் கோடு கோடாகக் கொத்திச் சொரசொரப்பாக்கினார். கைப்பிடிகளைக் கழற்றி மேலே மாட்டினார். "இன்னும் ரெண்டு நூல் ஏத்தலாமா?" என்று அறையைப் பார்த்துக் கத்தினார். எவ்வளவு ஏற்ற வேண்டும், எங்கே பிடித்தால் உனக்கு வசதி என்று பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு அங்கே போய்விடுமே என்று பயம். பாவம், கெட்ட எண்ணம் இல்லாத மனுஷர். ஆனால் பிடித்தால் பிடித்த பிடிதான்.

வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே மடக்கி விதியைச் சொல்லித்தான் உள்ளே விட்டார். எதிர்வீட்டு டீச்சர் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "ஒரு கால் மணி நேரம் இருந்துட்டுப் போறேம்பா" என்று உட்கார்ந்தவள், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அப்புறம் இரண்டே நிமிஷத்தில் எழுந்து போய்விட்டாள். மகன் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் வட்டாரச் சங்கத்துக்காரர்கள் ஐந்து பேர், வீரரைக் கௌரவிக்க என்று வந்தார்கள். ஒரு பேச்சு, பத்துப் படம், கடைசியில் ஒரு பரிசுப் பெட்டி. பிரித்தால் கைக்கடிகாரம். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்கிற கடிகாரம்! கொடுத்தவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மகனோ வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். "இதுக்குப் பாதி வேலைதான் சார் இருக்கும்" என்றான். அவர்கள் போனதும் லிஃப்ட்காரர் பெட்டியைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"கொடுங்கப்பா, கட்டிக்கிறேன்."

"வேணாம். அறிவுகெட்ட ஜென்மங்க."



பதினாறாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. போர்நிறுத்தப் பேச்சு மூன்றாவது முறையாக முறிந்துவிட்டது என்றார்கள். மகனுடைய பிரிவு இன்னும் அங்கேதான் இருந்தது. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். லிஃப்ட்காரர் ரிமோட்டை எடுத்து அணைத்தார்.

"போடுங்கப்பா."

"சாப்பிடற நேரத்துல அது எதுக்கு?"

"எங்க பசங்க இருக்காங்கப்பா அங்க."

"எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சாப்பிடு."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. மகன் பக்கம் திரும்பி, "விடுறா. உங்கப்பா ஒண்ணு புடிச்சாருன்னா ஒத்தைக்கால்ல நிப்பாரு, தெரியாதா உனக்கு?" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மகன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்துபோனாள். சிரித்தான். "அப்ப நானும் அப்பாவும் ஒண்ணுதாம்மா! அவரு எப்பவாவது நிக்கிறாரு, நான் எப்பவும் நிக்கிறேன்!" கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக அவன் தலையைத் தடவினாள். நாலு மாதமாக இல்லாத வெளிச்சம் ஒரு நிமிஷம் அந்த வீட்டில் இருந்தது.

"வாயை மூடு!" லிஃப்ட்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அறிவிருக்கா உனக்கு? பெத்த தாய் பேசற பேச்சா இது? எத்தனை தடவை சொன்னேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகன் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். "அப்பா, நான் அந்த இல்லத்துக்கே போறேன்" என்றான்.

"ஏன்டா? என்ன குறை இங்க? சொல்லு, இன்னிக்கே சரி பண்றேன். சரிவை இடிச்சிட்டுப் படி கட்டிடறேன்."

"படியில்லப்பா" என்றான். "அங்க நாலு மாசம் நாங்க பேசினதே காலைப் பத்தித்தான். என் பக்கத்துக் கட்டில்காரன் ஒரு டிரைவர். அவனுக்கு வலது போச்சு, எனக்கு இடது. நமக்கு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஜோடி செருப்பு போதும்டா மச்சான்னுவான். இங்க வந்து பதினாறு நாளாச்சு. யாரும் அந்தப் பேச்சையே எடுக்கல. நான் ஏதோ திருடிட்டு வந்து ஒளிச்சு வச்ச மாதிரி இருக்குப்பா."

"உனக்கு வலிக்குமேன்னுதான்டா..."

"வலிக்குதுதாம்பா. இல்லாத காலு வலிக்குது. கட்டைவிரல் அரிக்குது, நிசமாவே அரிக்குது. சொறியலாம்னு குனிஞ்சா அங்க ஒண்ணுமே இல்ல. அந்த டிரைவர் எழுந்து வந்து, வெறும் மெத்தையில என் விரல் இருந்த இடத்தைச் சொறிஞ்சு விடுவான். சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா அடங்கிடும். இங்க யார்கிட்டப்பா சொல்லுவேன்?" அவன் குரல் உடைந்தது. "என் காலு எப்படிப் போச்சுன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

இப்போது கேட்டுவிடலாம் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். வாய் திறந்தார். "தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் வந்தது. மகன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான்.

மிச்சமிருந்த நாலு நாளும் அவர் சுத்தியலைத் தொடவில்லை. மகனுடைய அறை வாசல் வரை போவார், நிற்பார், திரும்புவார். மனைவி மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு மணிக்கணக்கில் பேசினாள். உள்ளேயிருந்து சில சமயம் அவன் அழுவது கேட்கும். கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இந்தக் கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு இல்லத்து வண்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகன் ஒன்பதரைக்கே தயாராகிக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அம்மா உள்ளே பையில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். திடீரென்று மகன் முகம் சுருங்கியது. பற்களைக் கடித்துக்கொண்டான்; கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா."

"காலாடா?" என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். மெதுவாகத் தலையசைத்தான். "கட்டைவிரல்."

லிஃப்ட்காரர் எழுந்தார். முட்டி வலியோடு கஷ்டப்பட்டுத் தரையில் மகனுக்கு முன்னால் உட்கார்ந்தார். மடித்து ஊக்குக் குத்திய துணியை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். பிறகு, ஒன்றுமே இல்லாத இடத்தில், தரைக்குச் சற்று மேலே கையை வைத்துச் சொறிந்தார்.

"இங்கயா?"

"இல்லப்பா. அங்க இல்ல."

கையை நகர்த்தினார். "இங்க?"

"இன்னும் உள்ள."

"இங்கயாடா?"

மகன் அவர் உச்சந்தலையைப் பார்த்தபடி இருந்தான். வாசலில் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஆங். போயிடுச்சுப்பா" என்றான். "போதும், எந்திரிங்க."

அரிப்புப் போகவில்லை. அவன் கை பிடியை இன்னும் விடவில்லை, விரல்களெல்லாம் வெளுத்திருந்தன. அப்பாவுக்காகச் சொன்னான் என்று அவருக்குத் தெரிந்தது. அம்மா பையோடு வந்து நின்றாள். இரண்டாம் முறை ஹாரன் கேட்டது. லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், வெறுந்தரைக்கு மேலே தேடிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் கீழயாடா?" என்று கேட்டார்.