நூத்து விட்ட தட்டு

சாருஜாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தட்டு. அதில் வளர்ந்தவை மார்பகப் புற்றுநோய்க் கலங்கள், அதாவது உயிரணுக்கள். கலத்தைப் பெருகச் சொல்லும் மரபணு, நல்ல கலத்தில் வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இவற்றிலோ அது ஓயாமல் எரியும். எரிவது கண்ணுக்குத் தெரிய, அதோடு ஒரு பச்சை ஒளியையும் கோத்துவிட்டிருந்தாள். மருந்து பத்து மைக்ரோலீற்றர் விட்டால் பச்சை மங்க வேண்டும். ஐந்து தட்டுகளில் விட்டாயிற்று, மங்கவில்லை. திங்கட்கிழமை ஆய்வுக் குழுவுக்குக் காட்ட எதுவும் இல்லாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய பஸ் பிலிமத்தலாவை நெரிசலில் சிக்கிக்கொண்டது. ஆய்வுகூட உதவியாளன் கிளறன்ஸுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, நான் வரப் பிந்தும். மருந்தை எடுத்து நூத்து விடுங்கோ."

"நூறா, மிஸ்?"

பஸ் இரைச்சலில் அது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஓம், ஓம். முழுசா."

மறுநாள் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை அவள் எடுக்கவேயில்லை. தட்டு முழுக்க இருட்டு.

"எவ்வளவு விட்டனீங்கள்?"

"நீங்க சொன்ன மாதிரிதான், நூறு."

"நான் எங்கை நூறு சொன்னனான்? ஜீனை நூக்கச் சொன்னனான். அணைக்கச் சொன்னனான்."

கிளறன்ஸ் யோசித்தான். "எங்க ஊரு ஹுன்னஸ்கிரியால நாங்க லைட்ட ஆஃப் பண்ணுவோம், மிஸ். நூக்க மாட்டோம். எப்படியோ, அணைஞ்சிருச்சே?"

"வீட்டை இடிச்சாலும் லைற் நூரும். கலம் செத்தாலும் பச்சை தெரியாது."

கொஞ்சம் நீலச் சாயம் விட்டாள். செத்த கலம் நீலத்தைக் குடித்துவிடும். உயிருள்ளது உள்ளே விடாது. பிறகு அவள் குனிந்தாள். நீலம். மறுபடி நீலம். தட்டை நகர்த்தினாள். ஓரத்தில் ஒரு கூட்டம், நீலமும் இல்லை, பச்சையும் இல்லை.

"செத்துப்போச்சா, மிஸ்?"

"முக்கால்வாசி செத்துப்போச்சுது. மிச்சம் உயிரோடை இருக்கு. ஆனா எரியேல்லை." அவள் குரல் தணிந்திருந்தது. "பத்து காணாது, நூறு கூடிப்போச்சு. நடுவிலை எங்கேயோ அளவு இருக்கு."

படம் எடுத்தாள். குறிப்பேட்டில் 'அளவு: நூறு' என்று எழுதினாள். 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"குழுவிலை இருக்கிற சிங்களப் பேராசிரியைக்கு இதை எப்பிடி விளங்கப்படுத்திறது?"

"தமிழாளுக்கே விளங்கலயே, மிஸ்."

சாருஜா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே, நடந்ததை நடந்தபடி எழுதத் தொடங்கினாள்.