வெறுங்காலுக்கு ஆகாத புல்

ஒன்றேகால் வயதில் காய்ச்சலில் இறந்துபோன அந்தப் பெண்ணுக்கு அடுத்த பிறந்தநாளுக்குள் பாதம் அரை அங்குலம் வளர்ந்திருந்தது. அளந்து பார்த்தவள் அவளுடைய அம்மா. செருப்புக் கடையில் கால் அளப்பதே வேலையாக இருந்தவள் என்பதால் அளவில் தப்பு வர வழியில்லை. தினமும் பகல் பன்னிரண்டரை மணிக்கு வாசல்படியிலிருந்து வீட்டு முன்புறத்துப் புல்லில் வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக அமுங்கும், கேட் வரைக்கும் போய்த் திரும்பி வரும், சாயங்காலத்துக்குள் புல் நிமிர்ந்துவிடும். காய்ச்சல் வருவதற்கு ஐந்து நாள் முன்புதான் குழந்தை அந்தப் புல்லில் நடக்கப் பழகியிருந்தாள். முதல் வாரம் தெருவே கூடிப் பார்த்தது. இரண்டாவது வாரம் பேச்சு குழாய்த் தண்ணீருக்குத் திரும்பிவிட்டது. தபால்காரர் மட்டும், அந்த நேரத்துக்கு வர நேர்ந்தால், கேட்டுக்கு வெளியே ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

அப்பா பஸ் ஓட்டினார். பன்னிரண்டு மணிக்குள் வீடு வந்து சேரவேண்டும் என்று, யாரும் கேட்காத விடியற்காலை வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புல் இரண்டு விரல்கடை உயரத்தில் இருக்கவேண்டும்; அதற்கு மேல் வளர்ந்தால் தடம் மறைந்துவிடும், குறைந்தால் பதியாது. அதை அவர் கத்தரிக்கோலால்தான் வெட்டினார். அம்மா பிறந்தநாள்தோறும் தடத்தை அளந்து, அடுத்த நம்பர் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து படியில் வைத்தாள். வளர்கிற காலுக்குக் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று கடைக்கு வருகிற எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள். போடத்தான் ஆள் இல்லை. "புல்லுல நடக்கிறவளுக்கு எதுக்கு செருப்பு? உனக்குக் கடைப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது" என்பார் அப்பா. டப்பாக்கள் அலமாரியை நிறைத்தன. பதினெட்டு வயதில் கால் ஐந்தாம் நம்பரில் நின்றுவிட்டது. அம்மா பழக்கத்தை விடாமல் வருஷா வருஷம் ஆறாம் நம்பரே கொண்டுவந்தாள்.

மகளுக்கு இருபத்திரண்டு ஆகவேண்டிய வருஷம் மழை பொய்த்தது. தோட்டங்களுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு வந்ததும் தெருவில் எல்லாரும் பிளாஸ்டிக் புல்லுக்கு மாறினார்கள். அப்பா மட்டும் குளித்த தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய முதுகு அதற்குள் தேய்ந்து போயிருந்தது. இனிமேல் குனிந்து வேலை செய்தால் கால் விளங்காமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் காலை அம்மா கதவைத் திறந்தபோது அவர் எழுந்திருக்க முடியாமல் புல்லில் கிடந்தார், கையில் கத்தரிக்கோல். மகள் நடக்கிற பாதையில் உடம்பு படாமல் ஒதுங்கித்தான் விழுந்திருந்தார்.

அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "பிளாஸ்டிக்கே போட்டுடலாம்."

"அதுல தடம் பதியாது. மிதிச்ச உடனே நிமிர்ந்துக்கும்."

"தெரியும். ஒருத்தி போனது போதும். உங்களையும் படுக்கையில போட்டுட்டு நான் யார்கிட்டப் பேசுவேன்?"

அவர் கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்தார்.

புல் விரிக்க வந்தவர் கெட்டிக்காரர். அரை நாளில் முடித்துவிட்டார். "தண்ணி வேணாம், வெட்ட வேணாம். ஒண்ணே ஒண்ணு, மத்தியானம் வெறுங்காலோட மிதிச்சிடாதீங்க, கொதிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று சாப்பிடவில்லை. மூன்று நாள் ஜன்னலை விட்டு அசையாமல் பார்த்தார். பன்னிரண்டரை வந்தது, போனது. புல் பச்சையாக, ஒரே மட்டமாக இருந்தது. தடம் பதியாது என்பது தெரிந்ததுதான். அவள் படியில் நின்று, கால் வைக்க முடியாமல் உள்ளே திரும்புகிறாளோ என்ற எண்ணம்தான் அவரை அரித்தது. பெற்ற பிள்ளையின் காலைச் சுட்டுவிட்டோம் என்று வாய்விட்டு அழுதார். பஸ் ஓட்டிய அத்தனை வருஷத்திலும் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

நான்காம் நாள், அம்மா கடைக்குப் போன பிறகு, அலமாரியைத் திறந்து கடைசி டப்பாவை எடுத்தார். ஆறாம் நம்பர் செருப்பை, முனை கேட்டைப் பார்த்திருக்கும்படி படியில் வைத்தார். பன்னிரண்டரைக்கு வலது செருப்பு படியிறங்கியது, பிறகு இடது. இரண்டும் நிதானமாகக் கேட் வரை போயின. ஒரு நம்பர் பெரிசு என்பதால் கொஞ்சம் டப் டப்பென்று அடித்தன. திரும்பி வந்து, வீட்டைப் பார்த்தபடி படியில் நின்றன.

சாயங்காலம் வந்த அம்மா செருப்பின் உள்ளே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "தாராளமாத்தான் வாங்கிட்டேன்" என்றாள். மறுநாள் ஐந்தாம் நம்பர் கொண்டுவந்தாள்.

அதுமுதல் வருஷத்துக்கு ஒரு ஜோடி தேய்கிறது. இடது குதிகாலின் வெளிப்பக்கம்தான் முதலில் போகும். அப்பாவுக்கும் அங்கேதான் தேயும் என்பதால் கடையில் இரண்டு பேருடையதையும் சேர்த்தே தைக்கக் கொடுக்கிறார்கள்.