ட்ரெகென்சாவின் நாற்பத்துமூன்று பிள்ளைகள்

நொஷாட்டல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் கோபிசன் ஒரு பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தான். இரண்டாம் முறையும் தோற்றால் வரலாறும் அவனும் பிரிய வேண்டியதுதான். இன்று பத்து மணிக்குக் கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பு: அவுஸ்திரேலியச் செப்புச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போன கோர்ன்வால்காரரின் குடும்பப் பெயர்கள்.

பூம்ப்ளிஸில் ரயிலேறியதும் அக்கா வேணுகா அவனுடைய மடிக்கணினியைத் திறந்தாள். அவளுக்குப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை.

“ஆரடா இந்த ட்ரெகென்சா?”

“சுரங்கத் தொழிலாளி.”

“ஆறு வருசத்தில நாப்பத்துமூண்டு பொடியங்களோ?”

“ஓம். ஊரில இடம் காணாமல்தான் கப்பலேறினவையெண்டு முடிவுரையில எழுதியிருக்கிறன்.”

“ஆள் எப்பயடா சுரங்கத்துக்குள்ள இறங்கினவர்?”

“அது என்ர ஆராய்ச்சிக்கு வெளியில.”

வேணுகா இன்னும் கொஞ்சம் பார்த்தாள். “டேய், இது அப்பான்ர எக்செல்.”

வம்சத்தை வரைய அப்பா பாலேந்திரன் செய்துவைத்த கோப்பு அது. கப்பலேறியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கோபிசன் அதில்தான் போட்டிருந்தான். கடைசிப் பெயர் எதுவோ அதுவே தகப்பன் என்று எடுத்துக்கொள்ளும். கோபிசன் பாலேந்திரன், பாலேந்திரன் உருத்திரமூர்த்தி என்று போகிற வீட்டுக்கு அது பிழைவிட்டதே இல்லை. கோர்ன்வாலிலோ பெரியப்பா மகன், சித்தப்பா மகன், சம்பந்தமே இல்லாதவன் எல்லாரும் ட்ரெகென்சாதான். கோப்பு அத்தனை பேரையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டது.

“நீ பாக்கேல்லையோ?”

“பாத்தனான். மனுசனில ஒரு மரியாதை வந்திட்டுது.”

முடிவுரையை அழித்தால் மிஞ்சுவது ஒரு பக்கம். அதனால் வகுப்பில் அவன் பிழையையே வாசித்தான். பலகையில் தன் வீட்டையும் எழுதினான்: கோபிசன் பாலேந்திரன், பாலேந்திரன் உருத்திரமூர்த்தி, உருத்திரமூர்த்தி கந்தப்பு. “இருநூறு வருடம் கழித்து எங்களைத் தேடுகிறவர், ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்ததாக எழுதுவார்,” என்றான்.

வகுப்பு சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. “இந்தப் பட்டியலை வைத்து எத்தனை பேரின் தகப்பனை உங்களால் நிரூபிக்க முடியும்?”

“ஒருவரின் தகப்பனையும் முடியாது.”

“கட்டுரையிலேயே ஆதாரமுள்ள வரி அதுதான்,” என்று ஆறுக்கு நாலு புள்ளி போட்டார். நாலுதான் சித்தியடைவதற்கான எல்லை. கூடவே ஒரு நிபந்தனையும்.

வெளியே வந்து அக்காவுக்கு அழைத்தான்.

“பாஸோ?”

“மட்டுமட்டாய். ஆனால் நாப்பத்துமூண்டு பேருக்கும் தகப்பன் ஆரெண்டு ஜூனுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுக்க வேணுமாம்.”

வேணுகா அலுவலகக் குரலில் சொன்னாள்: “ஆம்பிளையளின்ர பட்டியலை வைச்சுக்கொண்டு அது நடவாது. தாய்மாரின்ர பட்டியலை எடு.”