வேலி நகராமல் வளர்ந்த காணி

குறிஞ்சிப்பிட்டியில் றைஸாவும் அஸ்மினும் வாங்கிய அரை ஏக்கர் காணி, வாங்கிய எட்டாம் மாதம் வேலிக்கு உள்ளே இரண்டே முக்கால் ஏக்கராக இருந்தது. வேலிக்கு வெளியே அது அரை ஏக்கராகவே இருந்தது. பக்கத்துக் காணிகளில் ஒரு சாண்கூடக் குறையவில்லை, பாதை ஒதுங்கவில்லை, வேலியில் ஓர் ஓலைக் கிடுகும் பிரியவில்லை. அந்த வருடம் வெங்காயம் நன்றாக விளைந்திருந்ததால் ஊராருக்கு இதைப் பற்றி நின்று கதைக்க நேரமிருக்கவில்லை.

றைஸா 1990இல், பதினாறு வயதில், ஊரோடு விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவள். பாலாவிக்குப் பக்கத்தில் ஒரு முகாமில், பத்தடிக்குப் பன்னிரண்டடி ஓலைக் குடிசையில், ஏழு பேரோடு வளர்ந்தாள். கலியாணமும் அங்கேயே நடந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசைக்குப் போனதுதான் அவள் புகுந்த வீடு போன தூரம். அங்கே ஒருத்தி மிளகாய் வறுத்தால் ஒன்பது வீட்டுக்காரர் தும்முவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவையும் மற்றவர் காதில் விழாமல் அழுததில்லை. உப்பளத்தில் வேலை செய்த அவள் கணவன் அஸ்மினுக்கு இதெல்லாம் குறையாகப் படவில்லை. அடுத்த குடிசை ஜபாரின் றேடியோவும், ஓலைச் சுவருக்கு அப்பால் இருந்து ஜபார் சொல்லும் கதையும் இல்லாவிட்டால் அவனுக்கு நித்திரை வராது. பிள்ளைகள் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு றைஸா ஒரு தடவை மன்னாருக்குப் போய்த் தகப்பனின் வீட்டு வளவைப் பார்த்தாள். அங்கே காடு நின்றது. காட்டுக்குள் வேறு யாரோ வீடு கட்டியிருந்தார்கள். திரும்பி வந்து காப்பை விற்றாள். சிலாபத்தில் மகனோடு இருக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த இன்னாசிப்பிள்ளையிடம் அந்த அரை ஏக்கரை வாங்கினார்கள்.

காணி உறுதிப் பத்திரம் எழுதிய அன்று றைஸா காணியின் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். "யா அல்லாஹ், ஒண்டும் முட்டுப்படயில்லையே" என்றாள். நம்பாமல் இன்னொரு தடவையும் சுற்றினாள். காணி இதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது பக்கத்துக் காணி மக்தலேனாவின் கருத்து.

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, கிழக்கே வெங்காயம், அதற்கடுத்து மிளகாய், வீட்டுப் பக்கமாகப் பப்பாளியும் முருங்கையும், எல்லையோரம் ஆறு தென்னம்பிள்ளை என்று நட்டார்கள். பத்துக் கோழியும் ஒரு பெட்டை ஆடும் வந்தன. முதலில் காட்டிக்கொடுத்தது தண்ணீர்க் குழாய்தான். கிணற்றடியிலிருந்து வெங்காயப் பாத்திக்குச் சரியாக எட்டிய நூறடிக் குழாய், மூன்றாம் மாதம் பதினைந்தடி எட்டாமல் நின்றது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அஸ்மின் குழாயைச் சுருட்டிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனான். கடைக்காரன் அதைப் பாதையில் விரித்து அளந்தான், நூறடி இருந்தது. அஸ்மின் இன்னொரு குழாய் வாங்கி வந்தான். அடுத்த மாதம் அதுவும் எட்டவில்லை. இருபத்தாறு அடிக்கு ஒன்றாக நட்ட தென்னம்பிள்ளைகள் எட்டாம் மாதத்துக்குள் அறுபது அடிக்கு ஒன்றாக நின்றன. இடையில் தெரிந்த புது மண்ணில் றைஸா மறுகேள்வி கேட்காமல் பூசணி விதைத்தாள்.

சிலாபத்திலிருந்து வந்த நில அளவையாளர் வெளியே நின்று அளந்தார், அரை ஏக்கர். உள்ளே அளந்தார், இரண்டே முக்கால். இரண்டு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பவும் அளந்தார். பிறகு நாடாவைச் சுருட்டி, சிங்களம் கலந்த தமிழில், "அக்கே, நான் அரை ஏக்கர் எண்டுதான் எழுதுறது. மிச்சம் நான் காண இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு பூசணிக்காயோடு போனார். மக்தலேனா தன் காணியைக் கயிறு பிடித்து மூன்று நாள் அளந்தாள். "கோவிக்காத பிள்ள. உன்ட காணி எங்கட காணிய இழுக்குதோ எண்டு பாத்தன். ஒண்டும் குறையயில்ல" என்றாள். குறையாதது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

இரண்டாம் வருடம் வேலிப் படலையிலிருந்து வீட்டுக்கு வர இருபது நிமிடம் எடுத்தது. மழை கிழக்குப் பாத்தியில் தொடங்கினால் உடுப்புகளை எடுத்து மடித்து அலுமாரியில் வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சேரும். அஸர் பாங்கு கேட்டு றைஸா வீட்டில் தொழுது முடிக்கையில், கிணற்றடியில் அதே பாங்கு கேட்கத் தொடங்கும். பெட்டை ஆடு ஒரு தடவை ஐந்து நாள் காணாமல் போய், வேலியைத் தாண்டாமலே சினையாகித் திரும்பியது. றைஸாவுக்கு இதில் ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை. அவள் உரத்துப் பாடப் பழகினாள். அழ வேண்டியிருந்த பழைய விசயங்களுக்கெல்லாம் மிளகாய்த் தோட்டத்துக்கு அப்பால் போய் வசதியாக அழுதுவிட்டு வந்தாள்.

அஸ்மின்தான் மெலிந்தான். வேலைக்குப் போகப் படலை வரைக்கும் சைக்கிள் வேண்டியிருந்தது. மாலையில் அவன் ஒரு பாத்தியிலும் அவள் ஒரு பாத்தியிலும் நின்று கைத்தொலைபேசியில் கதைத்தார்கள். "இஞ்ச மனிசர்ட சத்தமே இல்ல. ஒரு இருமல்கூடக் கேக்குதில்ல" என்றான் ஒரு நாள். "இருமல் கேக்கவா காணி வாங்கினம்?" என்று அவள் கேட்டாள். அவன் சொன்ன பதில் வந்து சேரவில்லை. அடுத்த கிழமையிலிருந்து உப்பளத்துக் கொட்டிலிலேயே தங்கி, வெள்ளிக்கிழமை மட்டும் வரத் தொடங்கினான். ஆறு மாதம் அப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. றைஸா அவனுக்கென்று சமைத்த மீன் ஆணத்தைக் கோழிகளுக்கு ஊற்றினாள்.

2014 ஆடியில், ஒரு புதன்கிழமை காலை, அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொலைபேசி வீட்டில் இருந்தது. மக்தலேனா கோழிக்குத் தவிடு போட வந்தபோது வேலிக்கு அப்பால் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தாள். வேலியிலிருந்து கிணறு பதினைந்து அடி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெகு தொலைவில் ஒரு கோழி அளவுக்குச் சிறிதாக றைஸா இருந்தாள். மக்தலேனா அஸ்மினுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு அதில் ஏறி நின்றாள். உள்ளே நடந்து போக அவளுக்குப் பயம். அதனால் கத்திக் கதைத்தாள். "நோகுதா பிள்ள?" என்று கேட்டுவிட்டுப் போய் உலை வைத்து, அரிசி கழுவிப் போட்டுவிட்டு வர, "ஓம் அக்கா" என்று பதில் வந்து சேர்ந்தது. தன் மூத்த மகளின் கலியாணக் கதையை அவள் ஆதியோடந்தமாகச் சொன்னாள். அஸ்மின் வந்து சேரும்வரைக்கும் அந்தக் கதை போனது.

பாலாவி உப்பளத்திலிருந்து குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ்ஸில் வர அஸ்மினுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. படலையிலிருந்து றைஸாவிடம் போக, படலையடியில் விட்டிருந்த சைக்கிளில், இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வழி முழுக்க அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மிதித்தான். கிட்ட வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து மண்ணில் குந்தினான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் இவ்வளவு தூரம் வந்த நீ?"

"நான் எங்க வந்தன்? கிணத்தடியிலதான் நிண்டன். தூரம்தான் வந்திச்சு."

அவன் அவள் காலைத் தொட்டுப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "போன வெள்ளி ஏன் நீங்க வரயில்ல?" என்று கேட்டாள்.

"படலை மட்டும் வந்தன். உள்ளுக்குப் பாத்தன். வீடு தெரியயில்ல. பயந்திட்டன், றைஸா."

அவள் வேறு பக்கம் பார்த்தாள். "இடம் போதும்ங்க" என்றாள். "ஜபார் நானாவக் கேளுங்க, வந்து இருப்பாங்களா எண்டு."

"அவர்ட றேடியோவும் வருமே."

"வரட்டும். முப்பதடி தள்ளி."

கால் கூடிவர மூன்று மாதம் ஆனது. ஜபார் தன் மனைவியோடும் மகள் ஸபீனாவோடும் வந்து தன் புது வீட்டுக்குத் தூண் ஊன்றிய அன்று, அந்தப் பக்கத்தில் காணி வளர்வது நின்றது. மக்தலேனா இதையும் கயிறு பிடித்து அளந்து உறுதிப்படுத்தினாள். பிறகு ஐந்தாம் வரிசையிலிருந்து இரண்டு குடும்பம், மூன்றாம் வரிசையிலிருந்து நான்கு குடும்பம் வந்தன. எல்லா வீட்டுக்கும் இடையில் முப்பதடி என்பது றைஸாவின் சட்டம். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அஸ்மின் உப்பளத்தை விட்டு வந்து வெங்காயத்தைப் பொறுப்பெடுத்தான், உடம்பும் கொஞ்சம் வைத்தான். கிராம சேவகர் வந்து, அரை ஏக்கரில் எட்டு வீடு, ஒரு தோட்டம், ஆடு நாற்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் தங்கைக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்.

2019இல் ஸபீனாவுக்கு ஒரு வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை ஜபாரின் வீட்டுக்குப் பின்னால் பதினேழு அடிக்குப் புது மண் கிடந்தது, புல் பூண்டு எதுவும் முளைக்காமல், ஈரமாக. ஜபார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அதைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. றைஸா மண்வெட்டியையும் கத்தரி நாற்றையும் எடுத்துக்கொண்டு, மழைக்கு முன் நட்டுவிட வேண்டுமென்று விரைவாக நடந்தாள்.