கம்பளிச் சுவெற்றர் வாங்கியவருக்கு ஓர் அட்டை

1

கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் கொடிகாமத்து உடுப்புக்கடை ஒன்றில் குடை வாங்கினேன். (உடுப்புக்கடையில் குடையும் இருந்தது.) இந்த ஐப்பசியில் அந்தக் கடையிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது: “போன மாரிக்கு வாங்கிய குடை சுகமா? கம்பி வளைந்திருந்தால் கொண்டு வாருங்கள். புதுக்குடைகளும் வந்திருக்கின்றன.”

என் குடையைச் சுகம் விசாரித்த முதல் மனிதர். இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு, இவருக்கு என்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்று யோசித்தேன்.

2

கடைக்காரருக்கு ஆழ்வாப்பிள்ளை என்று பெயர் வைக்கிறேன். ஆழ்வாப்பிள்ளை ஒரு பேராசைக்கா—

இல்லை. குடைக்குச் சுகம் கேட்கிறவரை அப்படி எழுத மனம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே நோட்டீஸ் அடித்தால் அது வேலியில் செருகப்படும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஆளுக்கேற்ற அட்டை. பிள்ளைச்சட்டை வாங்கிய வீட்டுக்கு ஐந்தாம் வருடம் பள்ளிக்கூட வெள்ளைத்துணி பற்றி எழுதுவார்.

எண்பத்தாறாம் ஆண்டு வைகாசி. தார் உருகும் வெயில். கனகலிங்கம் வந்து ஒரு கம்பளிச் சுவெற்றர் வாங்கினார். ஆழ்வாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. போர்க்காலம். பயணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த கிழமை அட்டை போனது: “குளிர்நாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கம்பளிக் கையுறை வந்திருக்கிறது.”

3

அட்டைக்கு உறை இல்லை. தபால்காரர் படலைக்கு வருமுன்பே வாசித்து முடித்திருந்தார்.

“அக்கா, கனகலிங்கம் அண்ணை கனடாவோ லண்டனோ?”

“ஆர் சொன்னது?”

“கடைக்காரர்தான். கையுறையும் போடவேணுமாம். உங்கடை தமையனும் கனடாவிலைதானே?”

“அடுத்தவையின்ரை அட்டையை வாசிக்கத்தான் உமக்குச் சம்பளம்!” என்றாள் கனகலிங்கத்தின் மனைவி மகாதேவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். படலையைச் சாத்திய பிறகு சிரிப்பு நின்றது. பயணம் என்று கனகலிங்கம் ஒரு சொல் சொல்லவில்லை. தன்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தாள்.

அவள் வீட்டுக்குள் பயணச்சாமான் தேடத் தொடங்கியபோது வெளியே பனி பெய்கிறது. (இது என் வேலை. நான் பனியைக் கண்டதில்லை. இலவம்பஞ்சை நினைத்து எழுதுகிறேன்.) பலாமரத்தில் இறங்குகிறது, கிணற்றுக்கட்டில், கொடியில் காயும் சாரத்தில். சத்தமே இல்லை. கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டி. பெட்டிக்குள் சுவெற்றர்.

4

முதலில் எழுதிய படியில் அவள் அழுது— அதை வெட்டிவிட்டேன். இரண்டாம் படியில் சுவெற்றரை அடுப்பில் வைத்தாள். கம்பளி எரியும் நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் படியில் அதைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருக்கிறாள்.

கனகலிங்கம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார்.

“எப்ப வெளிக்கிடுறியள்?”

“அதைக் கழட்டும். வேர்த்துக் கொட்டுது.”

“எப்ப எண்டு கேட்டனான்.”

“நான் போகேல்லை.”

“அப்ப இது மாட்டுக்கோ வாங்கினது?”

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்க்கிறார். எனக்கும் இங்கேதான் தெரிந்தது. தோள் பொருந்தியிருந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. அளவு அவளுடையது. அவளுடைய தமையன் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயண ஏற்பாடு செய்திருந்தான். ஆழ்வாப்பிள்ளை வாங்கிய ஆளைப் பார்த்தார். யாருக்கு என்று பார்க்கவில்லை. நானும்தான்.

மகாதேவி இரண்டு கைகளையும் நீட்டிப் பார்க்கிறாள்.

“என்னைக் கேளாமலோ?”

“கேட்டால் ஓமெண்டு சொல்லுவீரோ?”

5

அவளுடைய பதில் என்னிடம் இல்லை. ‘ஓம்’ என்று எழுதினேன், பனி நின்றுவிட்டது. ‘மாட்டன்’ என்று எழுதினேன். அன்று பின்னேரம் கிழக்கே குண்டுச்சத்தம் கேட்டது. அதையும் அடித்துவிட்டேன்.

ஆழ்வாப்பிள்ளை தீபாவளி அட்டையோடு காத்திருக்கிறார். அந்த வீட்டுக்குப் புதுச்சேலை வந்திருக்கிறது என்று எழுதுவதா, அவள் போயிருந்தால் வேட்டி என்று மட்டும் எழுதுவதா? அவள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நீங்கள் நிரப்பும்வரை மகாதேவி கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டு அங்கேயே இருப்பாள். அவர் சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்சம் கெதியாக, பிந்தாமல் நிரப்புங்கள்.