பதினேழு காணும் பொங்கல்

தோற்றோம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? மாகறல் ஆற்று மணலில் காணும் பொங்கல் கபடிப் போட்டி 1961-இல் ஆரம்பித்தது. பதினேழு வருஷம், பதினேழு தடவையும் முதல் ஆட்டத்திலேயே எங்கள் ஊர் அவுட். எட்டு அணி வரும். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். எங்கள் பேர் எவனுக்கு விழுகிறதோ அவன் அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போணி ஆச்சுடா!" என்பான். அதைக் கேட்டுக்கொண்டேதான் கோட்டுக்குள் இறங்குவேன். நான்தான் கேப்டன், கன்னியப்பன்.

எழுபத்தெட்டில், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கமிட்டித் தலைவர் பஞ்சாட்சரம் கூப்பிட்டனுப்பினார். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர்.

"கன்னியப்பா, ராஜகுளத்துப் பசங்க புச்சா டீம் கட்டிக்கீறாங்க. உங்க எடத்த அவங்களுக்கு வுட்டுக் குடுத்துடு. பாக்கறவனுக்கே பேஜாரா கீதுப்பா."

"தோத்தவன் வரக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல கீதுங்க?" என்றேன். "மொத வருசம் கப்பு வாங்குன டீம் இப்ப எங்க? ரெண்டாவது வருசம் வாங்குனவன் எங்க? அல்லாம் கலைஞ்சி போச்சு. பதினேழு வருசமும் தவறாம வந்தது நாங்க மட்டுந்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். "செரி, ஞாயித்துக்கிழம ராஜகுளத்தோட ஒரு ஆட்டம் ஆடு. ஜெயிச்சவனுக்கு அந்த எடம்."

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்துவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு என்ன வந்ததோ தெரியாது, தொட்டதெல்லாம் பாயிண்ட். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். நாங்கள் இருபத்தொன்று, அவர்கள் இருபது. பாடிப் போக வேண்டியது என் முறை.

விவரம் தெரிந்தவன் என்ன செய்வான்? பாடிப் போகிறவன் தாண்டியே ஆக வேண்டிய உள்கோட்டை மட்டும் மிதித்துவிட்டு, நேரத்தைக் கடத்தி, சும்மா திரும்பி வருவான். நான் போனேன் பாருங்கள், நேராக நடுவில்! ஏழு பேரும் மேலே விழுந்தார்கள். கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஒட்டியது. மீசை, வாய், காது எல்லாம் மணல். ஆட்டம் சமம். அடுத்துப் பாடி வந்த ராஜகுளத்துக் கேப்டன் முத்துகிருஷ்ணன், எங்கள் வீராசாமியைத் தொட்டுவிட்டு ஓடினான். விசில் ஊதிவிட்டார்கள். ஒரே பாயிண்டில் தோற்றோம்.

"ஏன்யா, சும்மா திரும்பி வந்துருக்கலாமே, இன்னாத்துக்கு நடுவுல போன?" என்று என் பெண்டாட்டி பவளம் எல்லார் முன்னாலும் கத்தினாள்.

"ஜெயிச்சிக்கினு இருந்தா இன்னா பண்ணணும்னு எனக்கு எப்படிடீ தெரியும்?" என்று நானும் கத்தினேன். சத்தியமாகத் தெரியாது. பதினேழு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட நாங்கள் முன்னால் இருந்ததில்லை.

பஞ்சாட்சரம் பட்டியலில் எங்கள் பேரை அடித்தார். வீராசாமி, "வுட்டுடலாம்ணா" என்றான்.

"எத வுடறது? அவரு பேருதான் அடிச்சாரு. காலையா ஒடிச்சாரு?"

காணும் பொங்கலன்று காலையில் ஏழு பேரும் பனியனோடு ஆற்றில் இறங்கினோம். போட்டி நடக்கிற இடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி நின்றோம். கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கோலமாவைக் கொண்டுவந்து பவளம் போட்டுக் கொடுத்தாள். எதிரே ஆட ஆளில்லாமல் நின்றோம். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னா கன்னியப்பா, இது இன்னா கூத்து?" என்று பஞ்சாட்சரம் வந்தார்.

"ஆறு கமிட்டிக்குச் சொந்தமில்லீங்களே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கே முதல் ஆட்டம் முடிந்தது. தோற்றது ராஜகுளம். முத்துகிருஷ்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் கோட்டருகே வந்து நின்றான். இந்நேரத்துக்கே வீட்டுக்குப் போக அவனுக்கு மனசில்லை.

"அண்ணே, ஒரு ஆட்டம்?"

"வா உள்ள," என்றேன்.

அவர்களிடம் தோற்றோம். அதற்குள் அடுத்துத் தோற்ற அணி வந்துவிட்டது. அவர்களிடமும் தோற்றோம். முதல் சுற்றில் தோற்ற நாலு அணியும் ஒவ்வொன்றாய் வந்தது. நாலு பேரிடமும் தோற்றோம். பொழுது சாய்கிறவரை ஆடினோம். பேர் பட்டியலில் இருந்த பதினேழு வருஷத்திலும் ஒரு ஆட்டத்துக்கு மேல் நாங்கள் ஆடியதே கிடையாது.