சிக்குவா சிரித்தது

எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பறவை பேசுவது புரியும். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை.

மரன்யோன் ஆற்றங்கரையில் நாற்பது வீடுள்ள ஊர் எங்களுடையது. அங்கே ஒரு பறவை சும்மா ஒரு பறவையாகப் பறந்துவிட்டுப் போக முடியாது. ஆந்தை அலறினால் யாரோ சாகப்போகிறார்கள். மீன்கொத்தி குறுக்கே போனால் அன்றைக்கு வலையில் ஒன்றும் விழாது. எல்லாவற்றுக்கும் மேலே சிக்குவா. செம்பழுப்பு உடம்பு, நீள வால், சிவந்த கண். குயில் சாதிதான், கிளைக்குக் கிளை அணில் மாதிரி ஓடும். பயணத்தில் அது ‘சிக்குவா, சிக்குவா’ என்று தன் பெயரையே சொன்னால் நல்லது. ‘கெக்கெக்கெ’ என்று சிரித்தால் திரும்பிவிட வேண்டும். திரும்ப முடியாத தூரம் வந்திருந்தால் கரையேறி, அது தன் பெயரைச் சொல்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பளிப்பூச்சி தின்கிற ஒரு பறவையிடம் உத்தரவு வாங்கித்தான் எங்கள் ஆட்கள் துடுப்பு போடுவார்கள்.

நான் கவனித்த இன்னொன்று உண்டு. அம்மா தன் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டால் சிக்குவா தவறாமல் சிரிக்கும். சான் ஹுவான் திருவிழாவுக்கு மரவள்ளிக் கள் குடிக்க அப்பா போகும்போது அது ஒருநாளும் சிரித்ததில்லை. ஒரே ஒரு தடவை சிரித்தது. “அது வேற பறவை” என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். நாலு வருஷம் முன்னால் என் தங்கை நைலித்துக்குக் காதில் சீழ் வைத்துக் காய்ச்சல் கொதித்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. சுகாதார நிலையத்துக்குப் புறப்பட்ட படகை, சிக்குவா சிரித்ததென்று பாதி வழியில் அப்பா திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள்தான் போனோம். வலது காது போய்விட்டது, இடது காதில் பாதிதான் கேட்கும். “அன்னிக்கே போயிருந்தா படகு கவுந்து எல்லாரும் போயிருப்போம்” என்பார் அப்பா. கவிழாத படகை வைத்து வாதம் செய்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

நான் இக்கிட்டோஸ் நகரத்தில் ஆசிரியப் படிப்பு முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம், ஊரிலும் அதுதான் முதல். பிப்ரவரியில் மாகாணத் தலைநகரில் வேலை ஒதுக்கீடு. மதிப்பெண் வரிசையில் பேரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் மேடைக்குப் போய், மிச்சமிருக்கிற பள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். நான் நாலாவது. பட்டணத்துக்குள்ளே நாலு இடம் இருந்தது. அதில் ஒரு பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியை உண்டு. எனக்கு அந்தப் பள்ளிதான் வேண்டும், நைலித்தையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். கடைசிக்குத் தள்ளப்பட்டால் கிடைக்கப்போவது எதுவென்றும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளி. ஒரே அறை, ஓட்டைக் கூரை. அதை எந்த வருஷமும் யாரும் விரும்பி எடுத்ததில்லை.

அப்பாவுக்கும் அது தெரியும்.

பத்து மணிக்கு ஒதுக்கீடு. விடிகிற நேரத்தில் புறப்பட்டோம். மோட்டார் படகில் நாலு மணி நேரம். எங்களோடு நாட்டுத் தலைநகரான லீமாவிலிருந்து வந்த ஒரு அம்மாளும் ஏறிக்கொண்டார். பெயர் பியெரினா. ஆற்றின் மேல்பக்கம் ஒரு விடுதியில் பத்து நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறார். கழுத்தில் தொலைநோக்கி, மடியில் தோல் அட்டை போட்ட நோட்டு. பார்த்த ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பக்கம். இடதுபுறம் பறவையின் பெயர், வலதுபுறம் அது தனக்குச் சொன்ன செய்தி.

“நேத்து ஒரு வெள்ளைக் கொக்கு என்னையே பாத்துட்டு நின்னுச்சு மார்லித். ‘அவசரப்படாதே’ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றார்.

“அது மீனைப் பாத்திருக்கும் சென்யோரா.”

“நீ படிச்சவ. அதான் உனக்குக் கேக்கல.”

அப்பா பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவர் பயத்தில் பறவையைக் கேட்கிறார், இன்னொருவர் பொழுது போகாமல் கேட்கிறார். இரண்டு பேருக்கும் பறவை சொல்வது மட்டும் எப்போதும் அவர்களைப் பற்றித்தான்.

மூன்று மணி நேரம் போனோம். மழைக்கால வெள்ளம், தண்ணீர் கரைமரங்களின் இடுப்புவரை ஏறியிருந்தது. பட்டணம் இன்னும் ஒரு மணி நேரம். அப்போது இடது கரையில் சிரித்தது.

கெக்கெக்கெ.

அப்பா மோட்டார் பிடியைத் தளர்த்தினார். மோட்டார் சத்தம் இறங்கியது. படகின் மூக்கு கரைப்பக்கம் திரும்பியது.

“அப்பா, வேணாம்.”

“கேட்டியா இல்லியா?”

“கேட்டுச்சு. பசிக்குது போல. நீங்க ஓட்டுங்க.”

“இவ்ளோ தூரம் சும்மா இருந்துட்டு இங்க வந்து சிரிக்குதுன்னா, முன்னாடி என்னமோ இருக்கு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோம். அது வாயத் தொறந்து பேரைச் சொல்லட்டும்.”

“அது பேரைச் சொல்ற நேரத்துல அங்க என் பேரைக் கூப்பிட்டு முடிச்சிருப்பாங்க.”

“கூப்பிடட்டும். ஊர்ல பள்ளிக்கூடம் இல்லாமலா போச்சு?”

அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவர் கரையில் இறங்கிப் படகை ஒரு வேரில் கட்டினார். மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றை உருவிச் சுருட்டி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பியெரினா அம்மாள் ஏதோ கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருடைய பெரிய பை படகிலேயே கிடந்தது.

“கோவப்படாத பொண்ணே. உங்கப்பாகிட்ட இருக்கிறது எந்தப் பல்கலைக்கழகத்துலயும் கெடைக்காது” என்று என் தோளைத் தொட்டார்.

“தெரியும். அதனாலதான் நான் பல்கலைக்கழகம் போனேன்.”

“இந்த நிலம் நம்மள நிக்கச் சொல்லுது. நின்னுதான் பாப்போமே.”

“உங்களுக்கு விமானம் நாளைக்கு சென்யோரா. நில்லுங்க.”

அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அப்பா சருகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். வறுத்த மரவள்ளி மாவை எடுத்து அந்த அம்மாளுக்கும் ஒரு பிடி கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் மணியைப் பார்த்தேன். எட்டே கால்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பதற்காக, சிக்குவாவின் குரலை என் போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன். அந்தப் பறவை பேர் சொல்கிற நல்ல குரல். இது வெறும் பறவைதான், பயப்படாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு. ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று புதர்ப்பக்கம் போய், போனை ஒரு கிளைக்கவட்டில் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

சிக்குவா. சிக்குவா.

கரையில் அப்பா எழுந்திருப்பது இலைவழியே தெரிந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இன்னும் இரண்டு தடவை ஓடவிட்டிருந்தால் போதும்.

அதற்குள் நிஜச் சிக்குவா வந்துவிட்டது. தன் இடத்தில் இன்னொரு சிக்குவா கூவினால் அது சண்டைக்கு வரும். பாடத்தில் இருந்தது, தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது என் தலைக்கு மேலே வாலை அடித்துக்கொண்டு ஓடியது, எதிரியைத் தேடியது, கிடைக்கவில்லை. நேரே போய் அப்பாவின் தலைக்கு மேலே இருந்த கிளையில் உட்கார்ந்து, தொண்டை கிழியச் சிரித்தது. எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு கிட்டத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். பட்டம் வாங்கியவள் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு.

பியெரினா அம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா தொப்பியைக் கழற்றினார்.

“பாத்தியா?” என்றார், நான் வந்ததும். “எறங்கி வந்து சொல்லுது.”

“நான்தான் போன்ல அது சத்தத்தைப் போட்டேன். வேற பறவைன்னு நெனச்சு சண்டைக்கு வந்திருக்கு. இந்தாங்க, நீங்களே கேளுங்க.”

போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தப்பு செய்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“நீ கூப்பிட்டு வந்துச்சா?”

“ஆமா.”

“அப்ப உனக்குத்தான் சொல்ல வந்திருக்கு.”

மனித இனத்தில் இப்படி ஒரு பூட்டு இருக்கிறது. எந்தச் சாவியைப் போட்டாலும் இன்னும் இறுகும்.

“கயித்தக் குடுங்க அப்பா.”

“உக்காரு மார்லித்.”

“நைலித்துக்கு அன்னிக்கு இதே சிரிப்புக்குத்தான் திரும்பி வந்தோம். குடுங்க.”

அவர் முகம் மாறியது. ஆனால் கை கால்சட்டைப் பையை விட்டு வரவில்லை. அது போதும் எனக்கு. நான் இறங்கி, வேரிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். படகில் ஏறித் துடுப்பால் கரையை உந்தினேன். கீழ்நோக்கித்தானே போக வேண்டும், வெள்ளம் இழுக்கும்.

“என் பை” என்றார் பியெரினா அம்மாள்.

“பத்திரமா இருக்கும் சென்யோரா. அவசரப்படாதீங்க.”

அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். “மார்லித், நில்லு. கட்டை வருது ஆத்துல. நில்லு புள்ள.” குரலில் அதட்டல் இல்லை. அதனால்தான் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டை வந்தது. இரண்டாவது வளைவில், வேரோடு புரண்டு வந்த பெரிய மரம் ஒன்று படகின் பக்கவாட்டில் இடித்தது. படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. நான் துடுப்பை விடாமல் படகுக்குள்ளேயே விழுந்தேன். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டேன். அந்த நொடியில் மனசுக்குள் வந்தது சிக்குவாதான். வந்ததற்காக என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. வெள்ளக்காலத்தில் ஆற்றில் மரம் வரும். தினமும் வரும். சிரிப்பதற்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு மறுபடி துடுப்பு போட்டேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

பட்டணத்துத் துறையில் ஏறும்போது பத்தரை. ஓடினேன். அரசாங்கம் என்னைக் காப்பாற்றியது, அதாவது அது வழக்கம்போல் தாமதமாக ஆரம்பித்திருந்தது. மண்டபத்தில் அப்போதுதான் இரண்டாம் பெயர்க்காரர் எந்தப் பள்ளி என்று யோசித்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது பாவாடையிலிருந்து சேறு சொட்டச் சொட்ட மேடையேறினேன். அதிகாரி என் காலைப் பார்த்தார்.

“ஆத்துல விழுந்தியாம்மா?”

“இல்லை, ஆத்துல வந்தேன்.”

நைலித்துக்கான பள்ளி இன்னும் போகவில்லை. கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் லேசாக ரத்தம் பட்டது. “வேற தாள்ல போடலாமா?” என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு அப்பாவும் பியெரினா அம்மாளும் மண்டப வாசலுக்கு வந்தார்கள். வாழைத்தார் ஏற்றி வந்த படகு ஒன்று ஏற்றிக்கொண்டதாம்.

“சிக்குவா பேரைச் சொல்லிடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல. அது நம்ம படகுக்குத்தானே சிரிச்சுது. அந்தப் படகுக்கு ஒண்ணும் சொல்லல” என்றார் அப்பா, கூச்சமே இல்லாமல்.

பியெரினா அம்மாள் என் கையைப் பிடித்து, “நீ இன்னிக்கு அந்தப் பறவையோட பேசினே. அது உனக்கு இறக்கை குடுத்திருக்கு. எழுதி வச்சிருக்கேன்” என்றார். அவருடைய பை படகில் இருக்கிறது, தண்ணீர் புகுந்திருக்கிறது, உள்ளே உள்ளதைச் சீக்கிரம் காயப்போடுங்கள் என்றேன். அந்த அம்மாள் துறையைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஓடினார். பத்து நாளில் முதல் தடவையாக அவர் நிஜமான ஒன்றுக்காக ஓடியிருப்பார்.

அப்பா நின்றார். தொப்பி கையில் இருந்தது. மேடைமேல் யார் பெயரையோ மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டே என் உள்ளங்கையைப் பார்த்தார்.

“எது கெடச்சுது?”

“இங்கதான். நைலித்தையும் கூட்டிட்டு வரப்போறேன். மார்ச்ல பள்ளிக்கூடம் தொறக்குது.”

அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். பிறகு தலையை ஆட்டினார், ஒரு கணக்கு கடைசியில் சரியாக வந்துவிட்ட மாதிரி.

“அப்ப அது உனக்குச் சொல்லல. எனக்குத்தான் சொல்லியிருக்கு. இன்னிக்கு உனக்கு ஒரு நஷ்டம் இருக்குடான்னு.”

இரண்டு பெண்பிள்ளைகளையும் பட்டணத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கும்போதுகூட அந்தப் பறவையை அவர் தோற்கவிடவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நைலித்தின் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு அவர் பாவம் என்று தோன்றியது. அப்படித் தோன்ற வைத்ததற்காகவும் அவர் மேல் எரிச்சல் வந்தது.

“போய்ச் சாப்பிடுவோம், வாங்க” என்றேன்.